கரையேறும் நேரம்

இடுப்பில் உடுத்தும் மேகலாத் துணியை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு நுமலியும் அவள் அண்ணியும் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நிற்கிறார்கள். நுமலியின் கால்கள் சேற்றைக் கலக்கியபடியே இருக்கின்றன. இடுப்பில் கட்டிய மூங்கில் கூடைக்குள் கெளுத்திகள் துள்ளுகின்றன. கரையில் காவல்காரர் பத்ராம் தடியோடு உட்கார்ந்திருக்கிறார். இந்த வருஷம் வெள்ளைக்கார சர்க்கார் ஏரியை வெளியூர் வியாபாரிக்கு ஏலம் விட்டுவிட்டது; ஊரார் இனி மீன் பிடிக்கக் கூடாது. “மீனைக் கொட்டிட்டு மேல வாங்க. இல்லேன்னா நான் நகர மாட்டேன்.” “இருங்க மாமா. போன வருஷம் உங்க வீட்டு அத்தையும் எங்களோட இங்கதானே மீன் பிடிச்சாங்க?” என்கிறாள் அண்ணி. அவர் எழுந்து போகவில்லை. வெயில் சாய்கிறது, தண்ணீர் குளிர்கிறது. நுமலிக்கு மார்பு கனத்துப் பால் தானாகக் கசிகிறது. “கொஞ்சம் பொறுடி. சலிச்சுப்போய் எந்திரிச்சுருவாரு.” “வீட்டுல அழுவுற பிள்ளைகிட்ட யாரு அண்ணி சொல்றது, பொறுன்னு?” கூடையைக் கையால் அணைத்துக்கொண்டு நுமலி நேராக அவரை நோக்கியே நடக்கிறாள். ஈரத்துணி உடம்போடு ஒட்டியிருக்கிறது. தடியை ஊன்றி எழுந்த பத்ராம், அவள் கரையேறுவதைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மீனோடு அவரைத் தாண்டிப் போகிறாள் நுமலி. பின்னாலேயே அண்ணியும் ஏறி வருகிறாள். அவர் இன்னும் திரும்பவில்லை.