தேடினால் வரவேண்டிய பெயர்

"கூகுளில இவரின்ர பேரை அடிச்சா, நாளைக்குக் காலமை வர வேணும், நானா" என்றாள் வதனி.

கொழும்பு வெள்ளவத்தையில் இன்டர்நெட் கடை நடத்தும் ஸாலிஹ், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைப்பவன், சிரித்தான். அவள் கணவன் குகதாசனின் கல்யாணப் படத் தொழிலுக்கு இன்றுதான் அவன் இணையத்தளம் செய்து முடித்திருந்தான்.

"புதுத் தளத்தக் கூகுள் கண்டுபிடிக்க ரெண்டு மூணு கிழம போகும், தங்கச்சி."

"நாளைக்கு ஒராள் தேடிப் பார்ப்பார். வராட்டி எல்லாம் போச்சு."

வெளிநாட்டுக் கல்யாணமாக்கும் என்று நினைத்துக்கொண்டான். தொழுகை நேரங்கள் போடும் அவனுடைய சொந்தத் தளத்தைக் கூகுள் தினமும் வந்து பார்க்கும். அந்த வழியாக இதையும் கண்டுகொள்ளட்டும் என்று, அதன் முகப்பில் குகதாசனின் தளத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தான்.

"அடியில '2001 முதல்' எண்டு போடுங்கோ."

"இன்டைக்குப் பொறந்த புள்ளைக்கு மீசையா?"

வதனி சிரிக்கவில்லை.

மறுநாள் அவன் கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள். பெயரை அடித்தான். முதலாவதாகவே வந்தது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சந்தோஷப்படுங்களேன்! கஸ்டமர் லண்டனா, கனடாவா?"

"பொலிஸ் ஐயா, நானா. புலிக்கு வேவு பாக்கிறார் எண்டு இவரைக் கமராவோட பிடிச்சிட்டாங்கள். 'கல்யாணப் படம் எடுக்கிறனான், வெப்சைட்டும் இருக்கு' எண்டு பயத்தில சொல்லிப்போட்டார். பார்க்கப் போனப்ப என்ர காதுக்குள்ள சொன்னவர். இண்டைக்குத் தேடிப் பார்த்து, இருந்தாத்தான் விடுவினமாம்."

கூகுள் அதற்குள் மறந்திருக்குமோ என்று பயந்தவனைப்போல, ஸாலிஹ் அந்தப் பெயரை மறுபடி அடித்துப் பார்த்தான்.