முதல் பரிசு

கோழிக்கறித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஹாலோவீன் பேய்வேஷப் போட்டி நடந்துகொண்டிருந்தது. லொரெட்டா உள்ளே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

“அடேங்கப்பா! வருஷா வருஷம் வேஷமே போடாதவ, இந்தத் தடவை பொணமாவே எழுந்து வந்துட்டாளே!” என்றான் கர்ட். அவன் தலையில் சூனியக்காரித் தொப்பி இருந்தது.

லொரெட்டா நேராக சூப்பர்வைசர் டோரீனிடம் போனாள்.

“உங்ககிட்ட தனியா ஒரு விஷயம் பேசணும்.”

“அப்புறம் பேசலாம்டி, முதல்ல பரிசை வாங்கு. கண்ணைச் சுத்தி என்னமா நீலம் பூசியிருக்கே! உதடு நிஜமாவே கிழிஞ்ச மாதிரி இருக்கு.”

டோரீன் ஓர் உறையை அவள் கையில் திணித்தாள். ஊரிலேயே பெரிய ஹோட்டலில் இரண்டு பேருக்கு இரவுச் சாப்பாட்டுக்கான சீட்டு.

“உன் புருஷன் வெய்னைக் கூட்டிட்டுப் போ. கொடுத்துவச்ச ஆளு!” என்று கர்ட் கத்தினான்.

சங்கு ஊதியது. கறி வெட்டும் கூடத்துக்குள் மேக்கப்போடு யாரும் போகக் கூடாது என்பதால், எல்லோரும் குழாயடியில் முகம் கழுவினார்கள். லொரெட்டா மட்டும் கழுவாமல் நின்றாள்.

“என்னடி, அழிக்க மனசு வரலியா?”

டோரீன் சிரித்துக்கொண்டே ஈரப் பஞ்சால் அவள் கண்ணோரத்தை அழுத்தித் துடைத்தாள். லொரெட்டா வலியில் துடித்துப் பின்வாங்கினாள்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

டோரீனின் சிரிப்பு நின்றுபோனது. “வெய்னா?” என்றாள் மெதுவாக.

லொரெட்டா ஆமென்று தலையாட்டிவிட்டு உறையை அவளிடமே நீட்டினாள்.

“இதை நீங்களே வச்சுக்கங்க. இன்னைக்கு ராத்திரி மட்டும் நான் உங்க வீட்டுல படுத்துக்கலாமா?”