மூணு தொட்டில்

ரோஸ்லினுடைய மூளைக்கு மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் உண்டு. அவள் கைப்பட்டையிலிருந்து தகவல் வாங்கி, அவள் மனம் எப்போது பொங்கி வழியும், எப்போது பாதாளத்தில் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். நேற்று டாக்டர் கருவுக்குக் கேடு செய்யாத புது மாத்திரையை அந்த நகலில் ஆயிரம் தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, "இனி தாராளமா குழந்தை பெத்துக்கலாம்மா" என்றார்.

இன்று காலை கண் விழித்ததுமே போன் அலறியது. 'ரோஸ்லின், நீங்கள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. மனம் பொங்கத் தொடங்கிவிட்டது. உடனே வாருங்கள்.'

அவள் செய்தியை இன்னொரு தடவை படித்தாள். நன்றாகத்தானே தூங்கினாள்? மறுபடியும் வந்துவிட்டதென்றால் நேற்றுச் சொன்னதெல்லாம் போச்சே!

சமையலறையில் அவள் புருஷன் சகாயராஜ் பாடிக்கொண்டே தோசை வார்த்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் பாடி அவள் கேட்டதேயில்லை. மேஜைமேல் முப்பது தோசையாவது இருக்கும்.

"எந்திரிச்சிட்டியா? தொட்டில் சொல்லியாச்சு. மூணு!"

"மூணா? எதுக்குங்க?"

"எந்தக் கலருன்னு முடிவு பண்ண முடியல."

ரோஸ்லின் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு தன்னுடையதைப் பார்த்தாள். துறைமுகத்தில் வேலை நேரம் குறிக்க அவனுக்குக் கொடுத்த, ஓரத்தில் கப்பல் படம் போட்ட பட்டை அவள் கையில் இருந்தது; அவளுடையது அவன் கையில். இரண்டும் ஒரே கறுப்பு. நேற்று சார்ஜரிலிருந்து எடுத்துக் கட்டும்போது மாறிப்போயிருக்கிறது.

சிரிப்பை அடக்கமுடியாமல் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"பொங்குனது நான் இல்ல டாக்டர், எங்க வீட்டுக்காரரு. மருந்து எதுவும் குடுத்துராதீங்க. கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்."