தேர் வரி

சுதந்திரம் வந்த மறு வருஷம். செஞ்சி மாதா கோயிலில் ஊரைக் கூட்டி, தேருக்கு வீட்டுக்கு ஒரு ரூபாய் வரி என்று நாட்டாமை பேசிக்கொண்டிருந்தபோது, முப்பது காணி மிராசுதார் பாக்கியசாமி எழுந்தார்.

"இருக்கிறவன்தான் வரி கட்டணும்னு நாடே பேசுது. மொத்தப் பணத்தையும் நானே குடுத்துடறேன். கூலிக்காரங்க ஒண்ணும் குடுக்க வேணாம்."

அருளம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு ரூபாய் என்றால் அவளுக்கு நாலு நாள் நடவுக் கூலி.

அவள் புருஷன் மதலைமுத்துவோ துள்ளி எழுந்தான். "கூடாதுங்க! அவரும் ஒரு ரூபா, நாங்களும் ஒரு ரூபா."

அருளம்மாள் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உனக்கின்னா கிறுக்கா? இருக்கிறவரு குடுக்கட்டுமே!"

மதலைமுத்து குனிந்து அவள் காதில் சொன்னான். "வரி கட்டின வாசல்லதாண்டி தேர் நிக்கும். எல்லாத்தையும் அவரே கட்டிட்டா, மாதா அவரு வாசலோட திரும்பிடுவாங்க."

அருளம்மாள் விருட்டென்று எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாட்டாமை முன்னால் ரூபாயை வைத்தாள்.

"எங்க வரி இந்தாங்க. மிராசுதாருகிட்டயும் ஒரு ரூபா வாங்கிக்குங்க. அவரு குடுக்கறேன்னு சொன்ன மீதிப் பணத்துல எங்க தெரு மேடுபள்ளத்தைச் சரி பண்ணுங்க. தேர் குலுங்காம வரணுமில்ல?"