வலது விலா

"கையைத் தூக்குய்யா," என்றாள் சென்னம்மா.

திருவேங்கடம் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முதுகுப் பக்கம் அவர் பெண்சாதி சென்னம்மா துணியில் கட்டிய உப்பு மூட்டையோடு நின்றாள், ஒத்தடம் கொடுக்க.

அது உடம்பில் எப்போது படும் என்பது அவருக்குத் தெரியாது. அதுதான் சிக்கல்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்று ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, புற்று வந்த நுரையீரல் துண்டை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அக்குளுக்குக் கீழே ஒரு சாண் இடம் அவருடையதே இல்லை. கிள்ளினால் பக்கத்து வீட்டுக்காரனைக் கிள்ளின மாதிரி இருக்கிறது.

மரத்துப்போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, "ஏமி லேது சார்", ஒன்றுமில்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

உண்மையைச் சொல்லித்தான் அவர் சிநேகிதன் வேதாச்சலம் கெட்டான். சர்க்கரைக்காரன். கட்டைவிரல் மரத்துப்போச்சு என்றான், விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதம். அப்புறம் முட்டி வரைக்கும். காலுக்காவது முட்டி இருக்கிறது. விலாவை அறுக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவான்?

இன்றைக்கு மறுபடி டாக்டரிடம் போகிற நாள். நேற்றுப் பார்த்து மாந்தோப்பில் ஒரு முசுறு எறும்பு அந்த விலாவைக் கவ்விக்கொண்டு தொங்கியது. சென்னம்மாதான் பார்த்தாள். பிய்த்துப் போட்டாள். இப்போது மூட்டையோடு வந்து நிற்கிறாள்.

காலை மாற்றி மாற்றி நின்றார். காதைத் தீட்டிக்கொண்டார். வளையல் சத்தம் கேட்டால் கை கிட்டே வருகிறது என்று அர்த்தம்.

கேட்டது.

"ஐயோ! இன்னாமே, தோல உரிச்சிடுவியா?" துள்ளி விலகி, முகத்தையும் கோணிக் காட்டினார்.

"சுடுதா?"

"நெருப்ப வெச்சிக்கினு சுடுதான்னு கேக்குற. நானு இன்னா கல்லா?"

அவள் முன்னால் வந்து, அவர் இடது கையை விரித்து, மூட்டையை அதில் வைத்தாள்.

ஜில்லென்று இருந்தது.

காலையிலிருந்து அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வசவு விழும் என்று காத்திருந்தார். அவள் சட்டையை எடுத்து வந்து ஒவ்வொரு கையாக நுழைத்து, பித்தான் மாட்ட ஆரம்பித்தாள். ஒரு பித்தானுக்கு வெகுநேரம் ஆனது.

"மறுபடி அறுப்பானுங்களா?" என்றார்.

"பஸ்ஸு பூடும், நடய்யா," என்றாள் சென்னம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.