சந்தைச் சதுக்கத்தின் தூண்

சான்ட்ரிங்ஹாம் புறநகரில் பிரதாபனின் கடைவாசலெங்கும் உடைந்த கண்ணாடி மாலை வெயிலில் மினுங்குகிறது. அதன் நடுவே மல்லாந்து கிடக்கிறது கவுன்ட்டருக்குப் பின்னால் தொங்கிய படம்: இந்த நாட்டுக்கு வருமுன் அவன் அகதியாய் முதலில் போய் இறங்கிய ஆங்கிலேயச் சந்தை நகரம். ஆற்று வளைவு, கல்பாலம், சதுக்கத்தின் நடுவே ஒரு கல்தூண். அந்தக் காலத்தில் சந்தை நாட்களில் கள்ளர்களை அந்தத் தூணில் கட்டிவைத்துத்தான் அடித்தார்களாம். "வெள்ளைக்காரக் காட்டுமிராண்டியள்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான் பிரதாபன். இப்போது, கொள்ளையடிக்கச் சுத்தியலோடு கடைக்குள் பாய்ந்தவனை அவனே வெளியில் விளக்குக் கம்பத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறான். கிழிந்த உதட்டு இரத்தம் கயிற்றில் ஊறுகிறது. பிரதாபன் பெல்ட்டை உருவி விளாசுகிறான். விழுகிற ஒவ்வொரு அடிக்கும் கம்பம் அதிர்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போனை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். "இன்னும் போடுங்க சார்!" என்கிறது கூட்டத்தில் தமிழில் ஒரு குரல். மனைவி யோகராணி கண்ணாடியை மிதித்தபடி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துத் தொங்குகிறாள். "விடுங்கோப்பா! பொலிசுக்குச் சொல்லியாச்சு, வருகினம்." "கள்ளனை வேற என்னடி செய்யிறது?" "ஊரிலை இயக்கப் பொடியள் உங்கட அண்ணையையும் கள்ளன் எண்டு இப்பிடித்தானே லைற் போஸ்ற்றிலை கட்டிச் சுட்டவங்கள்!" பெல்ட் அந்தரத்தில் நிற்கிறது. கட்டுண்டவன் கண்களை இறுக மூடித் தோளைக் குறுக்குகிறான். "ஓம், இப்பிடித்தான்" என்கிறான் பிரதாபன். அவள் பிடித்திருக்கும் கையோடேயே பெல்ட் மறுபடியும் இறங்குகிறது.