காந்தம் நுழையாத அறை

"இந்த அறைக்குள்ள பூமியோட காந்தம் வராது. ஒரு மாசம் இங்க இருந்தா எலிக்கு ஞாபகமே போயிடும்," என்றேன்.

மைத்துனன் சிரித்தான். "உங்களுக்கே வீட்டு வழி மறந்துபோச்சே மாமா! அம்மா கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

உள்ளே ஒரு மாதமாக இருந்த ஓர் எலியை எடுத்து வெளியே அதன் பழைய கூண்டில் விட்டேன். தீனித்தட்டு எங்கே என்று தெரியாமல் கம்பியில் முட்டிக்கொண்டு அலைந்தது.

"அட, ஆமா!" அவன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். "சரி, எலிக்கு எதுக்கு மாமா தலையணை?"

"அது என்னோடது. உன் அக்கா இறந்ததிலேருந்து இங்கதான் படுக்கறேன்."

அவன் சிரிப்பு நின்றது. "மறந்துச்சா மாமா?"

நான் கூண்டைக் காட்டினேன். தீனியை மறந்த எலி, செத்துப்போன தன் ஜோடி படுத்திருந்த மூலையில் போய்ச் சுருண்டிருந்தது.